கலை வரலாறு படித்தால் என்ன தெரியும், என்ன வேலை கிடைக்கும்?

பிளஸ் டூ முடித்த பிள்ளை “கலை வரலாறு படிக்கப் போகிறேன்” என்று சொன்னால் நம் வீடுகளில் இரண்டு கேள்விகள் அடுத்தடுத்து வரும். “உனக்குப் படம் வரைய வருமா?” என்பது முதலாவது. “படிச்சு முடிச்சு என்ன வேலைக்குப் போவே?” என்பது இரண்டாவது. முதல் கேள்வி, இந்தப் படிப்பு என்னவென்றே தெரியாததால் வருவது. இரண்டாவது நியாயமான கேள்வி. அதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

இந்தக் குழப்பம் நம்மிடம் மட்டும் இருப்பதல்ல. 2014 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ஒபாமா, விஸ்கான்சின் மாநிலத்துத் தொழிற்சாலை ஒன்றில் பேசும்போது, கலை வரலாற்றுப் பட்டம் பெற்றவரைவிடக் கைத்தொழில் கற்றவர் நிறையச் சம்பாதிக்கலாம் என்றார். எதிர்ப்பு கிளம்பியதும், தனக்கு எழுதிய கலை வரலாற்றுப் பேராசிரியர் ஒருவருக்குத் தன் கைப்பட மன்னிப்புக் கடிதம் அனுப்பினார். இங்கிலாந்தில் 2016 அக்டோபரில், பள்ளி இறுதிப் படிப்பான ஏ லெவலில் இந்தப் பாடத்தை நடத்திவந்த தேர்வு வாரியம் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. பலரும் குரல் கொடுத்த பிறகு அதே ஆண்டு டிசம்பரில் வேறொரு வாரியம் பாடத்தை எடுத்துக்கொண்டது. இளவரசர் வில்லியமின் மனைவி கேட் படித்ததும் கலை வரலாறுதான். அதனாலோ என்னவோ, பணக்கார வீட்டுப் பிள்ளைகள் பொழுதுபோக்காகப் படிக்கும் படிப்பு என்ற பேச்சும் அங்கே உண்டு.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். கலை வரலாறு அடிப்படையில் சான்று தேடும் படிப்பு. ஒரு பொருளைக் கண்ணால் நன்றாகப் பார்த்து, அது எப்போது, எங்கே, யாரால், எதற்காகச் செய்யப்பட்டது என்று மற்றவர்கள் ஒப்புக்கொள்ளும்படி நிறுவுவதுதான் அதன் வேலை. அழகை ரசிப்பது அதில் தானாக வந்து சேரும். இதைப் புரிந்துகொண்டால், இந்தப் படிப்புக்கு வேலை எந்த இடங்களில் இருக்கிறது, ஏன் கொஞ்சமாக இருக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

## தேதி எழுதாத புகைப்படம்

வீட்டில் இருக்கும் பழைய ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு படத்தின் பின்பக்கத்தில் தேதி இல்லை. படத்தில் இருப்பவர்கள் யாரென்று சொல்லவும் ஆள் இல்லை. ஆனாலும் பார்த்தவுடன் “இது எழுபதுகளில் எடுத்ததாக இருக்கும்” என்று சொல்லிவிடுகிறோம். ஆண்கள் பெல்பாட்டம் போட்டிருக்கிறார்கள். காதோரம் கிருதா இறங்கியிருக்கிறது. சட்டைக் காலர் அகலமாக இருக்கிறது. படம் கறுப்பு வெள்ளை, பின்னால் ஸ்டூடியோவில் தொங்கவிட்ட திரை. தனியாக இவற்றில் எதுவும் தேதி சொல்லாது. எல்லாம் சேர்ந்து சொல்கின்றன.

இதற்குள் ஒரு முறை இருக்கிறது. பெரியப்பாவின் கல்யாணப் படம் ஒன்று அதே ஆல்பத்தில் இருக்கும். அந்தத் தேதி கல்யாணப் பத்திரிகையில் அச்சாகியிருக்கும். அந்தப் படத்து உடைகளோடு இந்தப் படத்து உடைகளை ஒப்பிட்டு, இது கொஞ்சம் முந்தியது அல்லது பிந்தியது என்று நகர்த்திப் பார்க்கிறோம். அப்புறம் ஒரு எச்சரிக்கையும் மனத்தில் வரும். பட்டணத்தில் வந்த ஃபேஷன் கிராமத்துக்கு வந்து சேர நாலைந்து வருடம் ஆகும். அண்ணன் போட்ட சட்டையைத் தம்பி பிறகு போட்டிருக்கலாம். அதனால் ஒரு சட்டையை மட்டும் நம்பாமல் கைக்கடிகாரம், செருப்பு, படத்தின் தாள் என்று எல்லாவற்றையும் பார்க்கிறோம்.

கலை வரலாற்றாசிரியர் செய்வது இதைத்தான். சட்டைக்குப் பதிலாக அவர் முன்னால் தூணும் சிலையும் ஓவியமும் துணியும் இருக்கின்றன. ஒரு காலத்தைச் சேர்ந்தவர்கள், ஒரு வட்டாரத்தவர்கள், ஒரு பட்டறைக்காரர்கள் தெரிந்தும் தெரியாமலும் திரும்பத் திரும்பச் செய்யும் வடிவ வழக்கத்துக்குப் பாணி என்று பெயர். பாணி மெல்ல மாறிக்கொண்டே இருக்கிறது. அந்த மாற்றத்தை வரிசைப்படுத்த முடிவதால்தான் காலம் சொல்ல முடிகிறது.

ஐரோப்பாவில் 1550-இல் வசாரி என்ற இத்தாலியர் கலைஞர்களின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்தார். 1764-இல் வின்கெல்மன் என்ற ஜெர்மானியர் பண்டைய கலையை, கலைஞர்களின் வாழ்க்கையை விட்டுவிட்டு, பாணி மாறிய வரிசையில் அடுக்கிப் பார்த்தார். நமக்கு அதிகம் உதவுவது இரண்டாவது வழிதான். நம் சிற்பிகளில் பெரும்பாலோர் பெயரை எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை.

## கூடும் போதிகையும்

இந்த முறையை நம் கோயில்களுக்குப் பொருத்திக் காட்டியவர்களில் ஒருவர் புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழூவோ துப்ரேய். தென்னிந்தியக் கட்டடக்கலை பற்றிய அவருடைய ஆய்வு 1914-இல் வெளிவந்தது. கோபுரத்தின் பிரம்மாண்டத்தை அவர் வர்ணித்துக்கொண்டிருக்கவில்லை. யாரும் நின்று பார்க்காத சின்ன உறுப்புகளைப் பிடித்துக்கொண்டார். சிற்பிகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார், கோயில் கோயிலாக ஒப்பிட்டார்.

அவற்றில் ஒன்று கூடு. கோயில் சுவரின் மேற்பகுதியில், வெளியே நீண்டு வளைந்து இறங்கும் கல் விளிம்புக்குக் கொடுங்கை என்று பெயர். அதன்மேல் வரிசையாகக் குதிரை லாட வடிவில் சிறு வளைவுகள் இருக்கும். அவைதான் கூடுகள். மாமல்லபுரத்து ரதங்களுக்குப் போனால் அண்ணாந்து பாருங்கள். கூட்டின் உச்சியில் மண்வெட்டித் தகடு போலத் தட்டையான ஒரு முனை இருக்கும். சில கூடுகளுக்குள்ளிருந்து ஒரு மனித முகம் எட்டிப் பார்க்கும். அங்கிருந்து சோழர் கோயில் ஒன்றுக்கு வாருங்கள். அதே இடத்தில் தட்டை முனை போய், சிங்க முகம் வந்திருக்கும். காலம் போகப் போக அந்த அலங்காரம் இன்னும் கூடி, வளைவே ஒரு வேலைப்பாடாக மாறிவிடும்.

இன்னொன்று போதிகை. தூணின் தலையில் அமர்ந்து, மேலே இருக்கும் உத்தரத்தைத் தாங்க இரண்டு பக்கமும் கை நீட்டும் கல் அது. பல்லவர் காலத்தில் அதன் வளைவில் அலை அலையாக வரிகள் ஓடும், நடுவில் ஒரு பட்டை இறங்கும். சோழர் காலத்தில் விளிம்பைச் சாய்வாக வெட்டிவிடுகிறார்கள். பிறகு அந்த வெட்டின் நடுவில் ஒரு பகுதி துருத்திக்கொண்டு வருகிறது. விஜயநகர, நாயக்கர் காலங்களில் அந்தத் துருத்தம் நீண்டு வளைந்து, நுனியில் பூமொட்டாகத் தொங்கத் தொடங்குகிறது. மதுரையிலோ ஸ்ரீரங்கத்திலோ மண்டபத் தூண்களின் மேல் தொங்கும் கல் மொட்டுகளை எல்லோரும் பார்த்திருப்போம். அவை வெறும் அலங்காரமாகத் திடீரென்று வந்தவை அல்ல. பல நூற்றாண்டுகளாக ஒரு கல் மெல்ல மெல்ல உருமாறியதன் கடைசிக் கட்டம் அது. இது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கிறது. கல்வெட்டு ஒரு எழுத்தும் இல்லாத மண்டபம்கூட, தூணின் தலையில் தன் வயதைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

ஆல்பத்தில் பார்த்த அதே எச்சரிக்கை இங்கேயும் உண்டு. திருப்பணி செய்யும்போது பழைய தூண்களைப் புது மண்டபத்தில் நிறுத்தியிருப்பார்கள். பழைய சுவரைப் பிரித்துக் கட்டும்போது கல்வெட்டுக் கற்கள் இடம் மாறியிருக்கும். எனவே ஒரு போதிகையை வைத்து முழுக் கோயிலுக்கும் வயது சொல்லக் கூடாது. அடித்தளம், சுவரின் மாடங்கள், சிற்பங்கள், கல்வெட்டு எழுத்து எல்லாம் ஒரே காலத்தைக் காட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

## காற்றில் ஊன்றிய கை

பாணி காலத்தைச் சொல்லும். செதுக்கப்பட்டிருப்பது யார், என்ன கதை என்பதைச் சொல்லும் பிரிவுக்குப் படிமவியல் என்று பெயர். கையில் இருக்கும் ஆயுதம், முத்திரை, வாகனம், நிற்கும் நிலை ஆகிய அடையாளங்களை நூல்களோடும் மற்ற உருவங்களோடும் ஒப்பிட்டுப் படிப்பது அது.

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டிலிருந்து வந்த ஒரு செப்புத் திருமேனி இருக்கிறது. சிவன் ஒரு காலை மாற்றிப் போட்டு, ஒயிலாகச் சாய்ந்து நிற்கிறார். சடையைத் தலைப்பாகை போலச் சுற்றியிருக்கிறார், அதோடு பாம்பும் பின்னியிருக்கிறது. நான்கு கைகள் இல்லை, மானும் மழுவும் இல்லை. ஒரு கை மட்டும் பக்கவாட்டில் நீண்டு, வெறும் காற்றின்மேல் ஊன்றியிருக்கிறது. முதன்முறை பார்ப்பவருக்கு இது ஒரு விசித்திரமான நடன நிலையாகத் தோன்றலாம். படிமவியல் தெரிந்தவர் அந்தக் கைக்கு அடியில் என்ன இருந்திருக்க வேண்டும் என்று கேட்பார். அங்கே ஒரு காளை நின்றிருந்தது. இவர் ரிஷபவாகன தேவர். காளை இன்று இல்லை, ஆனால் அதன் உயரத்தைக்கூட அந்தக் கையை வைத்துக் கணக்கிடலாம்.

இந்தத் திருமேனிக்கு இன்னொரு சிறப்பு உண்டு. திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டு இவரைக் குறிப்பிடுகிறது, காலம் 1011. முதலாம் ராஜராஜன் ஆட்சியின் கடைசி ஆண்டுகள். தேவியின் திருமேனி அடுத்த ஆண்டு வந்தது. சோழர் செப்புத் திருமேனிகளில் மிகப் பலவற்றுக்கு இப்படித் தேதி கிடையாது. அதனால் தேதி தெரிந்த இந்த ஒன்று, மற்றவற்றின் காலத்தை அளக்க உதவும் நிலையான குறியாகிறது. இடுப்பின் வளைவு, ஆடை மடிப்பு, அணிகலனின் கனம், முகத்தின் நீளம் என்று ஒவ்வொன்றையும் இதனோடு ஒப்பிட்டு, இது முந்தியது, அது பிந்தியது என்று அடுக்குகிறார்கள். பெரியப்பா கல்யாணப் படம் ஆல்பத்தில் செய்த வேலை இதுதான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: பாணி காலத்தையும் இடத்தையும் காட்டுகிறது, படிமவியல் பொருளைச் சொல்கிறது, தேதி தெரிந்த சில பொருட்கள் மற்றவற்றுக்கு அளவுகோலாகின்றன. எந்த முடிவும் ஒரே ஒரு அடையாளத்தை நம்பி நிற்பதில்லை.

## கண் ஏமாறும்போது

செய்தவர் பெயர் தெரிய வேண்டிய இடங்களும் உண்டு, குறிப்பாக ஐரோப்பிய ஓவியங்களில். 19-ஆம் நூற்றாண்டில் மருத்துவம் படித்த இத்தாலியர் மொரெல்லி ஒரு வழி சொன்னார். முகபாவத்தையும் மொத்த அமைப்பையும் யாரும் பார்த்து நகலெடுத்துவிடலாம். காது மடலையும் விரல் நகத்தையும் ஓவியர் யோசிக்காமல், கைப்பழக்கத்தில் வரைந்துவிடுவார். அங்கே பாருங்கள் என்றார்.

நல்ல யோசனைதான், ஆனால் கண்ணுக்கு எல்லை உண்டு. டச்சு ஓவியர் ஹான் வான் மேகரென் 17-ஆம் நூற்றாண்டு ஓவியர் வெர்மீரின் பெயரில் போலிகளை வரைந்தார். 1937-இல் அன்றைய பெரிய நிபுணர் பிரேடியஸ் அவற்றில் ஒன்றை வெர்மீரின் சிறந்த படைப்பு என்றே அறிவித்தார். ராட்டர்டாமின் அருங்காட்சியகம் அதை வாங்கியது. போர் முடிந்து 1945-இல், நாஜித் தலைவர் கோரிங்குக்கு ஒரு வெர்மீரை விற்ற குற்றத்துக்காகக் கைதானபோது, “அது நானே வரைந்தது” என்று மேகரென் ஒப்புக்கொண்டார். யாரும் நம்பவில்லை. காவலில் வைத்தே ஒரு படம் வரையச் சொன்னார்கள், வரைந்தார். வண்ணத்தைச் சோதித்தபோது, வெர்மீர் காலத்தில் இல்லவே இல்லாத செயற்கைப் பிசின் அதில் இருந்தது.

அதனால் இன்று கலை வரலாறு வேதியியலின் துணையோடுதான் நடக்கிறது. எக்ஸ் கதிர், அகச்சிவப்புப் படம், உலோகக் கலவைச் சோதனை எல்லாம் அன்றாடக் கருவிகள். ஆனால் எந்தப் பொருளைச் சோதிக்க வேண்டும், வந்த முடிவுக்கு என்ன அர்த்தம் என்பதைச் சொல்லப் பயின்ற கண் வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் போதும் என்பவர்களை நான் நம்புவதில்லை.

## கைமாறிய தடம்

ஒரு கலைப்பொருள் செய்யப்பட்ட நாளிலிருந்து இன்றுவரை யார் யார் கையில் இருந்தது என்ற தொடர் விவரத்தை உடைமைத் தடம் என்று சொல்லலாம். இந்தப் படிப்பின் பயன் மிகக் கண்கூடாகத் தெரியும் இடம் இதுதான். நம் ஊரிலிருந்தே இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன்.

1976-இல் பழைய தஞ்சாவூர் மாவட்டத்துப் பத்தூரில் மண் தோண்டிய தொழிலாளி ஒருவருக்கு நடராஜர் திருமேனி ஒன்று கிடைத்தது. அது கைமாறிக் கைமாறி லண்டனுக்குப் போனது. 1982-இல் கனடாவின் பம்ப்பர் டெவலப்மெண்ட் நிறுவனம் அதை வாங்கியது. சுத்தம் செய்வதற்காக பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்தபோது லண்டன் போலீஸ் அதைக் கைப்பற்றியது. வாங்கிய நிறுவனம் வழக்குப் போட்டது. இப்போது நிறுவ வேண்டியது ஒன்றே ஒன்று: லண்டனில் இருக்கும் இந்த நடராஜர்தான் பத்தூரில் கிடைத்த அந்த நடராஜர் என்பது. பத்தூரில் அதே இடத்தில் பிறகு வேறு திருமேனிகளும் கிடைத்திருந்தன. அவற்றோடு இதன் பாணியை ஒப்பிட்டார்கள். உலோகத்தை, ஒட்டியிருந்த மண்ணை, கறையான் ஊர்ந்த தடத்தைக்கூட ஒப்பிட்டார்கள். தமிழ்நாடு தொல்லியல் துறையின் இயக்குநராக இருந்த இரா. நாகசாமி லண்டன் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 1988-இல் தீர்ப்பு தமிழ்நாட்டுக்குச் சாதகமாக வந்தது. மேல்முறையீட்டில், பத்தூர்க் கோயிலையே வழக்காடும் உரிமையுள்ள தரப்பாக நீதிமன்றம் ஏற்றது. 1991-இல் நடராஜர் ஊர் திரும்பினார். பாணி ஒப்பீடு என்று நாம் வகுப்பறையில் படிக்கும் விஷயம் அங்கே கூண்டில் ஏறி, குறுக்கு விசாரணையைத் தாங்கி நின்றது.

இரண்டாவது, அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராஜர். கோயிலிலிருந்து திருடப்பட்ட இந்தத் திருமேனியை நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடமிருந்து 2008-இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. இந்தியாவை விட்டு எப்போதோ முறைப்படி வெளியே போய்விட்டதாக ஆவணம் காட்டப்பட்டது. அது போலி. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950-களிலிருந்து தமிழ்நாட்டுக் கோயில்களைப் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது. கோயிலில் இருந்தபோது எடுத்த படத்தையும் கலைக்கூடம் வெளியிட்ட படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். கையால் செய்த செப்புத் திருமேனிகளில் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. வார்ப்பில் விழுந்த சிறு குறை, தேய்ந்த இடம், திருவாசியில் தீச்சுடர்கள் அமைந்த விதம் ஆகியவைதான் கைரேகை. 2014 செப்டம்பரில் அது இந்தியா வந்தது. விருத்தாசலத்து அர்த்தநாரீஸ்வரர் கற்சிலையும் அப்போதே சிட்னி கலைக்கூடத்திலிருந்து திரும்பியது. கபூருக்கு 2022-இல் கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

இந்தச் சிலைகளைத் தேடும் பணியில் முன்னால் நின்ற தன்னார்வலர் எஸ். விஜய் குமார் கப்பல் துறையில் வேலை பார்த்தவர், கலை வரலாற்றுப் பட்டதாரி அல்ல. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் திறமைக்குப் பட்டம் ஒன்றுதான் வழி என்று இல்லை. ஆனால் அவரும் மற்றவர்களும் ஒப்பிட்டுப் பார்த்த படங்களை எடுத்து, ஊர்ப்பெயரோடு வகைப்படுத்தி, பத்திரமாக வைத்திருந்தது பயிற்சி பெற்ற ஆய்வாளர்களின் உழைப்பு. அது இல்லையென்றால் ஒப்பிட எதுவும் இருந்திருக்காது.

## அருங்காட்சியகத்துக்கு வெளியே

திருட்டைவிட அமைதியாக நடக்கும் இழப்பு ஒன்று இருக்கிறது. கோயிலைச் சுத்தம் செய்கிறோம் என்று அதிவேகத்தில் மணலைப் பீய்ச்சியடித்து, கல்லின் மேல்தோலையே உரித்துவிட்ட இடங்கள் தமிழ்நாட்டில் உண்டு. சிற்பத்தின் கண்ணிமையும் கல்வெட்டின் எழுத்தும் அந்த மேல்தோலில்தான் இருக்கின்றன. பழைய சுவரோவியத்தின்மேல் சுண்ணாம்பு அடிப்பதும் இதே கதை. இதற்கு நேர் எதிரான காட்சி தஞ்சைப் பெரிய கோயிலில் இருக்கிறது. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி, கருவறையைச் சுற்றிய இருண்ட நடையில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதைக் கண்டார். பிற்காலத்தில் தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் மேலடுக்கு ஓவியத்தைச் சிதைக்காமல் தனியாகப் பிரித்தெடுத்து வேறு பலகையில் ஒட்டினார்கள். மேலே இருந்ததும் பிழைத்தது, கீழே இருந்ததும் வெளிச்சத்துக்கு வந்தது. ஊரில் ஒவ்வொரு திருப்பணிக் குழுவிலும் இப்படி யோசிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் எவ்வளவோ மிஞ்சும்.

பார்க்கும் பயிற்சி வேறு துறைகளுக்கும் போகிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களை ஓவியங்கள் முன்னால் நிறுத்தி, கண்டதை மட்டும் விவரிக்கச் சொன்னார்கள். அந்தப் பயிற்சிக்குப் பிறகு நோயாளிகளின் படங்களில் அதிக விவரங்களைக் கவனித்தார்கள் என்று 2001-இல் மருத்துவ இதழில் எழுதினார்கள்.

## சரி, வேலை?

நேராகச் சொல்கிறேன். “கலை வரலாற்றாசிரியர்” என்ற பெயரிலேயே வரும் வேலைகள் இந்தியாவில் மிகக் குறைவு. இளங்கலைப் பட்டத்தோடு நின்றுவிட்டால் கதவுகள் அதிகம் திறக்காது. பொறியியல் போல வளாகத் தேர்வில் ஆள் எடுக்க யாரும் வர மாட்டார்கள். ஆனால் மேலே பார்த்த ஒவ்வொரு வேலைக்கும் பின்னால் ஒரு பணி இருக்கிறது.

அருங்காட்சியகத்தில் காப்பாட்சியர் என்ற பதவி உண்டு. வந்த பொருளைப் பதிவேட்டில் ஏற்றுவது, அளவும் படமும் குறிப்பும் எழுதுவது, ஈரப்பதமும் வெளிச்சமும் கெடுக்காமல் பார்த்துக்கொள்வது, காட்சிக்கு வைப்பது, விளக்க அட்டை எழுதுவது எல்லாம் அவர் பொறுப்பு. 1851-இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்திலும் மாவட்ட அருங்காட்சியகங்களிலும் இந்தப் பதவிகள் இருக்கின்றன. டிஎன்பிஎஸ்சி மூலம் ஆள் எடுப்பார்கள், அறிவிப்பு எப்போதாவதுதான் வரும். எந்தப் பிரிவுக்கு எந்தப் பட்டம் வேண்டும் என்பதை அந்தந்த அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். தொல்லியல் துறைகளின் பணிகளும் இதே போலத்தான்.

தனியார் பக்கம் கொஞ்சம் அசைவு தெரிகிறது. டெல்லியில் கிரண் நாடார் அருங்காட்சியகம் 2010-இலும், பெங்களூரில் மியூசியம் ஆஃப் ஆர்ட் அண்ட் போட்டோகிராஃபி 2023-இலும் திறந்தன. கொச்சியில் 2012-இல் தொடங்கிய பினாலே என்ற சமகாலக் கலைக் கண்காட்சி பல இளைஞர்களுக்கு முதல் பயிற்சிக் களமாக இருக்கிறது. சென்னைக்கு அருகில் முட்டுக்காட்டில் தென்னிந்திய மரபுக் கலைகளைக் காட்டும் தட்சிணசித்ரா அருங்காட்சியகம் இருக்கிறது. இங்கெல்லாம் கண்காட்சி வடிவமைப்பு, ஆவணப்படுத்தல், கல்விப் பிரிவு, பதிப்பு என்று பணிகள் பிரிகின்றன.

பணம் அதிகம் புரளும் இடம் ஏல நிறுவனங்கள். 2023-இல் அம்ரிதா ஷேர்கில்லின் ஓவியம் ஒன்றை சாஃப்ரன்ஆர்ட் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் விட்டது. 2025-இல் எம். எஃப். ஹுசைனின் ஓவியம் நியூயார்க்கில் ஒரு கோடியே 37 லட்சம் டாலருக்கு மேல் போனது. அத்தனை பணம் கைமாறும் முன்னால், படம் அசல்தானா, யார் கையில் இருந்தது, எந்தக் கண்காட்சியில் வைக்கப்பட்டது என்று ஒருவர் தேடி எழுத வேண்டும். சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி 100 ஆண்டைத் தாண்டிய சிற்பமோ ஓவியமோ ஏற்றுமதி ஆகக் கூடாது. ரவி வர்மா, ஷேர்கில் உள்ளிட்ட சிலரின் படைப்புகள் கலைச்செல்வம் என்று அறிவிக்கப்பட்டவை, அவையும் நாட்டைத் தாண்டக் கூடாது. ஒருவரின் தீர்ப்பு விலையை எப்படி மாற்றும் என்பதற்கு ‘சால்வதோர் முந்தி’ ஓவியம் போதும். 2005-இல் லியோனார்டோவின் நகல் என்று அமெரிக்காவில் 1,200 டாலருக்கும் கீழே விற்றது. லியோனார்டோவே வரைந்தது என்ற பெயரோடு 2017-இல் 45 கோடி டாலருக்குப் போனது. நிபுணர்கள் இன்னும் அதைப் பற்றி உடன்படவில்லை. இவ்வளவு பணம் சுற்றும் இடத்தில் நேர்மையான கண் எவ்வளவு தேவை என்பதை மாணவர்கள் முதல் நாளே உணர வேண்டும்.

கல்லூரி ஆசிரியப் பணிக்கு முதுகலையும் யுஜிசி நெட் என்ற தகுதித் தேர்வில் தேர்ச்சியும், முடிந்தால் முனைவர் பட்டமும் வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், படிகள் தனி. இடங்கள் கொஞ்சம், போட்டி அதிகம், ஒப்பந்த வேலையில் சில ஆண்டுகள் கழியலாம்.

என் கணிப்பில், இந்தியாவில் ஆட்கள் மிகவும் தேவைப்படும் இடம் பாதுகாப்புப் பணி, அதாவது பழைய பொருள் மேலும் சிதையாமல் காப்பது. செப்பில் பூக்கும் பச்சை நோய், பனையோலையைத் தின்னும் பூச்சி, சுவரோவியத்தில் ஏறும் உப்பு என்று வேலை குவிந்து கிடக்கிறது. வேதியியல் படித்துவிட்டுக் கலை வரலாற்றுக்கு வருபவர்களுக்கு இங்கே மதிப்பு அதிகம். லக்னோவில் 1976-இல் தொடங்கிய தேசிய ஆய்வகமும், மரபுச் சின்னங்களைக் காக்க 1984-இல் தொடங்கிய இன்டாக் அமைப்பின் பாதுகாப்புக் கூடங்களும் இந்தப் பயிற்சிக்குப் பெயர் பெற்றவை.

மரபு நடை நடத்துவது, சினிமாவின் கலை இயக்கத்துக்கு ஆய்வு செய்வது, நூல் பதிப்பு, இதழியல் போன்றவற்றையும் பலர் செய்கிறார்கள். தனியாக நம்பி இறங்க இவை போதாது, துணை வருமானமாக நன்றாக நிற்கும். குடிமைப் பணித் தேர்வின் பொதுப் பாடத்தில் இந்தியக் கலையும் கட்டடக்கலையும் இருப்பதால் அங்கேயும் இந்தப் படிப்பு வீணாகாது.

வேலைவாய்ப்புப் பகுதியின் சாரம்: பணிகள் இருக்கின்றன, ஆனால் சிதறிக் கிடக்கின்றன. ஏறக்குறைய எல்லாமே கலை வரலாற்றோடு இன்னொரு திறமையையும் கேட்கின்றன.

## எங்கே, எப்படிப் படிப்பது

முழுமையான துறை என்றால் 1950-இல் தொடங்கிய பரோடா எம். எஸ். பல்கலைக்கழக நுண்கலைப் புலம், சாந்திநிகேதனின் கலாபவனம், டெல்லி ஜேஎன்யுவின் கலை, அழகியல் பள்ளி ஆகியவற்றை முதலில் சொல்வேன். டெல்லியில் 1989 முதல் இயங்கிய தேசிய அருங்காட்சியக நிறுவனம் இன்று நொய்டாவில் இந்திய மரபு நிறுவனமாக மாறியிருக்கிறது. கலை வரலாறு, பாதுகாப்பு, அருங்காட்சியகவியல் மூன்றிலும் முதுகலை இருப்பது அதன் பலம். சென்னையில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியின் நுண்கலைத் துறையும், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் சிற்பத் துறையும் நம் பகுதி மாணவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவை.

பண வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் வழி இது. இளங்கலையில் வரலாறு, தமிழ், சமஸ்கிருதம், வேதியியல், கட்டடக்கலை இவற்றில் எது ஒத்துவருமோ அதை எடுங்கள். அது தனியாகவும் ஒரு வேலைக்கு வழி காட்டும். கலை வரலாற்றை முதுகலையில் எடுங்கள். இளங்கலை படிக்கும் ஆண்டுகளிலேயே பழைய தமிழ் எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வட்டெழுத்தும் கிரந்தமும் படிக்கத் தெரிந்த கலை வரலாற்று மாணவர்கள் குறைவு, நம் கோயில்களில் வேலை செய்ய அவை இல்லாமல் முடியாது. வெளிநாட்டுப் படிப்புக்கு உதவித்தொகை உறுதியாகும் முன் கடன் வாங்க வேண்டாம். இந்தத் துறையின் தொடக்கச் சம்பளத்தில் அந்தக் கடனை அடைப்பது கடினம்.

முதுகலை சேர்வதற்கு முன்பு விடுமுறையில் ஏதாவது ஒரு அருங்காட்சியகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ பயிற்சியாளராகச் சேர்ந்து பாருங்கள். பெரும்பாலும் பதிவேட்டில் எண் எழுதுவதும் பொருளை அளந்து படம் எடுப்பதுமாகத்தான் இருக்கும். அந்த வேலை உங்களுக்குச் சலிக்கவில்லை என்றால் விண்ணப்பம் போடுங்கள். பிறகு நெட் எழுதும்போது கலை வரலாற்றுக்குத் தனிப் பாடம் இருக்காது, அது காட்சிக் கலைப் பாடத்துக்குள் ஒரு பிரிவாக வரும். அருங்காட்சியகவியலும் தொல்லியலும் வேறு வேறு பாடங்கள். எந்தப் பாடத்தில் எழுதுவது என்பதை முதுகலையின் முதல் ஆண்டிலேயே முடிவு செய்துகொண்டால் படிக்கும் நூல்களையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.